ரோஸிக்கு வந்த எலுமிச்சம்பழங்கள்

எனக்கும் புவனேந்திரனுக்கும் பேச்சு நின்று மூன்று வருடமாகிறது. ஏச்சு நிற்கவில்லை. பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. பாதியிலேயே, இனி உங்கள் பாடு என்று நின்றுவிட்டது. அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். இங்கே நான் பெருமூச்சு விட்டால் அங்கே சரஸ்வதி, அவன் பெண்சாதி, "என்னமோ சாபம் விடுறான்" என்பாள். இப்படி ஒட்டிக்கொண்டிருந்து, நேரே பேசாமல் சண்டை போட வேண்டுமென்றால் நடுவில் ஒருவர் வேண்டும். இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு நாய் இருந்தது வசதியாகப் போயிற்று.

காலையில் அவன் தன் இஸ்தோப்பில், அதாவது வாசலை ஒட்டிய சின்னத் திண்டில், நின்றுகொண்டு தன் நாய் ரோஸியிடம் ஆரம்பிப்பான்.

"ரோஸி, நீ திங்கிற சோத்துக்கு வாலாவது ஆட்டுற. சிலதுக அடுத்தவன் பூசணிக்காயத் தின்னுட்டு மீசையத் தடவிக்கிட்டுத் திரியுதுக."

நான் என் நாயைப் பார்த்துச் சொல்வேன்.

"கிளாக்கர், காய் எங்க கூரையில வந்து ஒக்காந்துச்சு. நம்ப போயா கூப்புட்டோம்? இது ஒனக்கு வெளங்குது. நீ நாயா இருந்தாலும் படிச்ச எடத்துப் பேரு வச்சிருக்கல்ல."

சண்டைக்குக் காரணம் அந்தப் பூசணிக் கொடிதான். யாரும் நட்டதில்லை. யாரோ எறிந்த விதை. வேர் அவன் பக்கம், காய் என் கூரைமேல். என் மனைவி விஜயலெட்சுமி அதில் குழம்பு வைத்து, நல்ல மனதோடு ஒரு கிண்ணம் அவர்களுக்கும் அனுப்பினாள். கிண்ணம் திரும்பி வந்தது. குழம்போடு, கொஞ்சம் வேகமாக.

நாய்க்குக் கிளாக்கர் என்று பெயர் வந்தது அதன் நடத்தையால். காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிய, ஆட்கள் வந்து வரிசையாக நிற்கும்போது இதுவும் போய், ஒவ்வொருவர் பையையும் முகர்ந்து, பிந்தி வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும். தோட்டத்தில் கணக்கெழுதும் உண்மையான கிளாக்கர் ஐயாவுக்கும் இந்தப் பெயர் விஷயம் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. என் பெயரைப் பதியும்போது மட்டும் பேனாவைச் சற்று அழுத்துவார்.

இதில் வேடிக்கை, கிளாக்கர் ரோஸியின் மகன். பேச்சு இருந்த காலத்தில் புவனேந்திரன் தன் கையாலேயே தூக்கி வந்து, "இந்தா மச்சான், ஈத்துல கெட்டிக்காரன் இவன்தான்" என்று கொடுத்தான். குட்டியாக இருக்கும்போது என் மகன் நிமலன் பந்தெறிந்து பழக்கினான். கிளாக்கர் ஓடிப் போய்ப் பந்தைக் கவ்வும். ஆனால் எறிந்தவனிடம் கொண்டு வராது. நேராகப் போய்த் தாயின் முன்னால் வைக்கும். ரோஸி அதை முகர்ந்து பார்த்து, மகனின் காதை நக்கிவிடும். நிமலன் கத்துவான், இரண்டு வீடும் சிரிக்கும். அப்புறம் நிமலன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். பந்து தொலைந்தது. சிரிப்பும்தான்.

சண்டைக்குப் பிறகு கிளாக்கருக்கு ஒரு புதுக் கெட்ட பழக்கம் வந்தது. புவனேந்திரன் மருந்தடிக்கும் வேலைக்காரன். மருந்து நிரப்பிய நீலத் தாங்கியை முதுகில் சுமந்துபோய்க் களைப்புல்லுக்கு அடிப்பான். தோட்டத்தில் எத்தனை கம்பம், எத்தனை மரம், எத்தனை மலை! என் நாய் காலைத் தூக்கியது அந்த நீலத் தாங்கியின் மேல் மட்டும்தான். அதுவும் தினமும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான்.

ஒருநாள் அவன் பிடித்துவிட்டான். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு வெள்ளையடித்த கல் உண்டு. அதன் மேல் காலை வைத்துக்கொண்டு லயமே கேட்கச் சொன்னான்.

"ரோஸி, ஒன் மவன்கிட்ட சொல்லி வையி. இந்தக் கல்லத் தாண்டி இனி ஒரு கால் வச்சான்னா, சோத்துல மருந்து வச்சிருவேன். எங்கிட்ட மருந்துக்குப் பஞ்சமில்ல."

சொன்னது நாயிடம். வந்து விழுந்தது என் வயிற்றில். அன்றிலிருந்து கிளாக்கருக்குச் சங்கிலி. நான் பகலில் தொழிற்சாலை வாசலில் வாச்சர். ஆறு மணி வரைக்கும் அது சங்கிலியிலேயே கிடக்கும். பொழுது சாய்ந்து, பனிமூட்டம் இறங்கி, குளிருக்கு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு நாடகம் பார்க்க உட்கார்ந்த பிறகுதான் அவிழ்த்துவிடுவேன். கொஞ்ச நேரம் தேயிலைக்குள் ஓடிவிட்டு அதுவாகவே வந்து சங்கிலிக்குக் கழுத்தை நீட்டும். அரசாங்க உத்தியோகத்தர்கூட அப்படி நேரத்துக்கு வரமாட்டார்.

அந்த மழைக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வரிசையாகக் கஷ்டம். கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. என் கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. நான் கக்கூசுப் படியில் வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். விஜயலெட்சுமி சுவரைப் பார்த்தாள்.

"எல்லாம் அந்தக் கண்ணுதான். நம்ப வீட்டத் தாண்டிப் போறப்பெல்லாம் அவன் பாக்குற பார்வையப் பாத்தீங்களா?"

"அவன் வீட்டுக்கு இப்படித்தானே போகணும்? கண்ண மூடிக்கிட்டா போவான்?"

"நீங்க யாரு பக்கம்?"

நான் எலுமிச்சம்பழத்தின் பக்கம் சேர்ந்தேன். செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் என்னை உட்கார வைத்து, குங்குமம் தடவிய பழத்தால் தலையைச் சுற்றி, தூவென்று துப்பச் சொல்லி, கையில் கொடுப்பாள். அதைக் கோயில் பாதையும் தொழிற்சாலைப் பாதையும் லயத்துப் பாதையும் சேரும் முச்சந்தியில் பின்பக்கமாக எறிந்துவிட்டு வர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை.

"திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தீங்க, போனதெல்லாம் பின்னாலயே வந்துரும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. ஆனாலும் ஆறு மணிக்கு மேல் நான் விஜயலெட்சுமியின் நிர்வாகத்தில் வருகிறேன். எறிவேன், முன்னால் பார்த்துக்கொண்டே நடப்பேன், "கிளாக்கர், வாடா!" என்று முன்பக்கம் பார்த்தே கூப்பிடுவேன். பின்னால் தேயிலைக்குள் சரசரவென்று ஏதோ ஓடும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்பேன். அதன் பிறகுதான் கிளாக்கர் மூச்சிரைக்க வந்து நிற்கும், ஏதோ பெரிய வேலையை முடித்த முகத்தோடு.

புதன், சனிக் காலைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கிளம்பியது.

"ஐயோ, மறுபடியும் வச்சிருக்கானுங்க! குங்குமத்தோட! நாய் படுக்குற சாக்குலயே வச்சிருக்கானுங்க!"

சரஸ்வதியின் குரல். நாங்கள் இந்தப் பக்கம் பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.

"செஞ்ச பாவம், யாரோ அவங்களுக்குச் சூனிய வேல பாக்குறாங்க" என்றாள் விஜயலெட்சுமி, மிகவும் அமைதியாக.

நானும் தலையாட்டினேன். எங்கள் எலுமிச்சம்பழம் வேறு, அவர்கள் வாசல் எலுமிச்சம்பழம் வேறு என்று நம்பினேன். ஒரு மனிதனை வெறுக்க ஆரம்பித்தால் அவன் வாசலில் கிடக்கும் பழத்தைக்கூட நம் பழம் என்று அடையாளம் தெரியாது போலிருக்கிறது.

புவனேந்திரன் சும்மா இருப்பானா? கொஸ்லந்தயிலிருந்து ஒரு மந்திரக்காரரைக் கூட்டி வந்து எதிர்க் கழிப்புச் செய்தான். பழத்தில் ஆணி குத்தி, தன் வீட்டைச் சுற்றி, செவ்வாய் மாலை அவனே முச்சந்தியில் எறிந்தான். அவனுக்கும் அதே நிபந்தனை. அவனும் திரும்பிப் பார்க்கவில்லை. புதன் காலை அந்த ஆணிப்பழம் ரோஸியின் சாக்கில் இருந்தது.

அன்று அந்தப் பக்கம் அலறல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் புவனேந்திரனின் குரல், நடுங்கிக்கொண்டு.

"ரோஸி... நம்ப போட்டதே நம்பகிட்டத் திரும்பி வந்திருச்சு. அந்தப் பக்கத்துக்காரன் லேசுப்பட்ட ஆளில்ல."

என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

சாயங்காலமே தோட்டத் தலைவர் ஜீவன் வந்தார். சங்கத்து ஆள், வயதில் என்னைவிடச் சின்னவர், ஆனால் தலைவர்.

"தம்பையாண்ணே, லயம் முழுக்க ஒங்க பேச்சுத்தான். நீங்க சூனியம் வைக்கிறதா சரஸ்வதியக்கா சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம காலையில மாரியம்மன் கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிருங்க. முடிஞ்சிரும்."

"பண்ணுறேன். எனக்கென்ன பயம்?" என்றேன். புதன்கிழமை எனக்குப் பயமில்லைதான்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். மழை தூறி ஓய்ந்திருந்தது. வழக்கம்போலப் பழத்தைப் பின்பக்கமாக எறிந்தேன், வழக்கம்போல நடந்தேன். வழக்கத்துக்கு மாறாகச் செம்மண் வழுக்கிற்று. ஒரு சுற்றுச் சுற்றி, பொத்தென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோது முகம் முச்சந்தியைப் பார்த்து இருந்தது. நான் திரும்பவில்லை, திருப்பப்பட்டேன். அம்மனிடமும் பிற்பாடு இதையேதான் சொல்லிக்கொண்டேன்.

கிளாக்கர் நின்றிருந்தது. பழத்தை மெல்ல, தோல் கிழியாமல் பல்லில் கவ்வியது. சேற்றில் கிடக்கும் எசமானைத் தாண்டிப் போனது. ஒரு வாலாட்டல்கூட இல்லை. வேலை நேரத்தில் சொந்தக்காரரைக் கண்டுகொள்ளாத உத்தியோகத்தர்.

நான் சேற்றோடு எழுந்து பின்னாலேயே போனேன். அது வெள்ளைக் கல்லைத் தாண்டியது. நேராகப் புவனேந்திரனின் இஸ்தோப்பில் ஏறி, சாக்கில் கிடந்த ரோஸியின் மூக்கின் முன்னால் பழத்தை வைத்தது. ரோஸிக்கு வயதாகிவிட்டது. பின்னங்கால் இழுக்கும், கண்ணில் பால் படர்ந்திருக்கும். அது தலையைத் தூக்கி, பழத்தை முகர்ந்து, குங்குமத்துக்கு ஒரு தும்மல் போட்டு, மகனின் காதை நக்கியது. கிளாக்கர் அசையாமல் நின்று நக்கக் கொடுத்தது.

நான் குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். காற்சட்டை முழுக்கச் சேறு. மூக்கைச் சிந்தினேன். சளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால் நான் சூனியக்காரன் இல்லை என்று ஆகும். ஆனால் நாய் வாரம் இரண்டு தடவை கல்லைத் தாண்டியது ஊருக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் மருந்து. மருந்துக்குத்தான் அவனிடம் பஞ்சமில்லையே. போதாததற்கு நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் விஜயலெட்சுமி எனக்கும் ஏதாவது வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் பாதித் தோட்டம் நின்றது. மற்றப் பாதி கொஞ்சம் மேலே ஏறி நின்றது, நன்றாகத் தெரியட்டும் என்று. பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றினார். புவனேந்திரன் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

ஜீவன் சொன்னார்: "ரெண்டே வார்த்த அண்ணே. 'நான் வைக்கல. யாரு வச்சாங்கன்னும் எனக்குத் தெரியாது.' சொல்லிட்டு அணைங்க."

முதல் வார்த்தை உண்மை. இரண்டாவதும் வெள்ளிக்கிழமை வரைக்கும் உண்மையாகத்தான் இருந்தது. நான் பொய்யே சொல்லாதவன் இல்லை. தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லியிருக்கிறேன், விஜயலெட்சுமிக்குத் தவணை முறையில் சொல்லி வருகிறேன். ஆனால் எரிகிற சூடத்தை வைத்துக்கொண்டு, உருட்டி விழிக்கிற மாரியம்மனிடம் எப்படிச் சொல்வது?

"நான் வைக்கல" என்றேன்.

"ம். அடுத்தது?"

"அடுத்தது சொல்ல மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்றாள் சரஸ்வதி. "அந்த வாயி பொய் சொல்லும், அம்மனுக்கு முன்னால முடியல!"

"அப்ப யாரு வச்சதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார் ஜீவன்.

"தெரியுமான்னு சொல்ல மாட்டேன். தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன்."

விஜயலெட்சுமி என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் சுற்றினாலும் போதாது. "என்னங்க ஒளறுறீங்க?" என்றாள் பல்லுக்குள்.

புவனேந்திரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்க வருவான் என்று நினைத்தேன். இடுப்பு வலிக்கு இசைவாக எந்தப் பக்கம் விழலாம் என்றும் யோசித்து வைத்தேன். அவன் திடீரென்று தோளைக் குலுக்கினான்.

"விடுங்க தலைவரே. சூடம் கரைஞ்சிருச்சு. சத்தியம் பண்ணக்கூட வக்கில்லாதவன், இவன்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

காறித் துப்பிவிட்டு நடந்தான். கூட்டத்துக்கு ஏமாற்றம். மேலே ஏறி நின்றவர்கள் இறங்கினார்கள்.

அன்றிலிருந்து நான் அதிகாரபூர்வமான சூனியக்காரன். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வாளியை நகர்த்தி எனக்கு வழி விட்டார்கள். முச்சக்கர வண்டியில் பாட்டைப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் இப்றாஹீம் நானா, "தம்பையாண்ணன், பார்த்துச் செய்ங்க" என்று பணிஸ் என்கிற பன்னில் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்துக் கொடுத்தார். கீழ் லயத்து ஆள் ஒருவன் காதோடு காதாக, தன் மாமியாருக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டான். பார்க்கலாம் என்றேன். விஜயலெட்சுமி மட்டும் என்னோடு பேசவில்லை. அவளும் கிளாக்கர் மூலம்தான் பேசினாள். "ஏய், ஒங்க எசமான சோத்துக்கு வரச் சொல்லு."

செவ்வாய் மாலை ஆனதும் கையில் இரண்டு பழம் கொடுத்தாள். பட்டம் பெரிதானால் கழிப்பும் பெரிதாகத்தானே வேண்டும்.

முச்சந்தியில் எறிந்தேன். ஒருமுறை பார்த்தவனுக்கு மறுமுறை பார்க்கப் பயமில்லை. திரும்பினேன். மூட்டத்துக்குள் எதிர்ப் பாதையில் இன்னொரு ஆளும் ஒரு பழத்தை எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். புவனேந்திரன். நடுவில் கிளாக்கர், எந்தப் பழத்தைத் தூக்குவதென்று தெரியாமல்.

மூன்று வருடத்துக்குப் பிறகு, நடுவில் நாய் இருந்தும் அதனிடம் பேசாமல் நேராகப் பேசினோம்.

"என்னடா பாக்குற?" என்றான்.

"நீ என்ன பாக்குற?"

"நான் பாப்பேன். எங்க பழம்."

"பாத்தா கழிப்பு வேல செய்யாதாமே. ஒம் பொண்டாட்டிகிட்டச் சொல்லவா?"

"சொல்லு. நான் ஒன் பொண்டாட்டிகிட்ட வெள்ளிக்கெழம நீ குரோட்டன்ஸுக்குள்ள குந்திக்கிட்டு மூக்கச் சிந்துனதச் சொல்லுறேன்."

அப்போதுதான் விளங்கிற்று. வெள்ளிக்கிழமை சூனியக்காரனைக் கையும் களவுமாகப் பிடிக்க, கவ்வாத்துக் கத்தியோடு அவன் கதவிடுக்கில் நின்றிருக்கிறான். நாயையும் பார்த்திருக்கிறான், என்னையும் பார்த்திருக்கிறான்.

"அப்ப எதுக்குடா கோயில்ல என்னைய நிக்க வச்ச?"

"சரஸ்வதி லயம் பூரா சொல்லிட்டா. நான் கதவிடுக்குல ஒளிஞ்சு நின்னு பாத்தேன்னு எப்படிச் சொல்றது? அதோட..." நிறுத்தினான். "நீ நாயக் காட்டிக் குடுப்பியான்னு பாத்தேன். குடுத்திருந்தா அங்கனயே வெட்டியிருப்பேன்."

"நாயவா?"

"ஒன்னைய."

கிளாக்கர் முடிவெடுத்துவிட்டது. அவனுடைய பழத்தைக் கவ்விக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடியது. இரண்டு பேரும் அது போவதைப் பார்த்தோம்.

"ரோஸி சோத்தத் தொட மாட்டேங்குது" என்றான், பாதையைப் பார்த்து. "சும்மா கெடக்குது. இவன் கொண்டாந்து வச்சா மட்டும் தலயத் தூக்குது. அதான் மருந்து வைக்கல. வேற ஒன்னுமில்ல. ஒன் மூஞ்சியில முழிக்க எனக்கு ஆசையும் இல்ல."

"எனக்கு மட்டும் ஆசையா? பாத்ததுக்கு இன்னிக்குக் குளிக்கணும்."

"குளி. குளிச்சு நாளாச்சு போலத்தான் இருக்கு."

போய்விட்டான்.

என் மூளை அபூர்வமாக வேலை செய்யும். அடுத்த வெள்ளிக்கிழமை அது வேலை செய்தது. எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு அந்தக் கிழ நாய் என்ன செய்யும்? இப்றாஹீம் நானாவிடம் ஒரு மீன் பணிஸ் வாங்கி மடியில் மறைத்துக்கொண்டேன். முச்சந்தியில் பழத்தைத் தேயிலைக்குள் வீசிவிட்டு, பணிஸை நடு ரோட்டில் எறிந்தேன். கிளாக்கர் பாய்ந்து கவ்வியது. தாய்க்கு மகன் கொண்டுபோகும் மீன் பணிஸ் என்று எனக்குக் கண் கலங்கத் தொடங்கும்போதே, நாலெட்டுத் தள்ளி நின்று அதைத் தானே தின்று முடித்து, நாக்கைச் சுழற்றி, இன்னொன்று இருக்கிறதா என்று என் மடியைப் பார்த்தது.

தின்ன முடியாத சாமான் என்றால் தாய்க்கு. தின்ன முடிந்தால் தனக்கு. இந்தப் பாசத்துக்காகத்தான் நான் சூனியக்காரன் ஆனேன்.

வேறு வழியில்லை. பாண் வண்டி இன்னும் போகவில்லை, பாட்டுக் கேட்டது. இன்னொரு பணிஸ் வாங்கிக்கொண்டு நானே போனேன். வெள்ளைக் கல்லைத் தாண்டினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த இஸ்தோப்பில் கால் வைத்து, ரோஸியின் முன்னால் குந்தி, பணிஸைப் பிய்த்து மூக்கருகில் வைத்தேன். கிளாக்கரைக் கழுத்தோடு அமுக்கிப் பிடித்திருந்தேன், களவாணி.

கதவு திறந்தது. புவனேந்திரன். உள்ளே நாடகத்தில் யாரோ அழும் சத்தம்.

"கல்லத் தாண்டிக் கால் வச்சா மருந்து வைப்பேன்னு சொன்னேன்ல?" என்றான், சரஸ்வதிக்குக் கேட்காத குரலில்.

"அது நாய்க்குத்தானே சொன்ன?"

"ஆமா. அதான் ஒங்கிட்டக் கேக்குறேன்."

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ரோஸி தலையைத் தூக்கியது. பணிஸை முகர்ந்தது. வெளிப்பாணை ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்த மீனை மட்டும் மெதுவாக நக்கி நக்கித் தின்ன ஆரம்பித்தது. நானும் அவனும் ஒருவரையொருவர் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாளைக்கு மிளகாய் போடாததா வாங்கிட்டு வா" என்றான். கதவைச் சாத்தினான். சாத்திய வேகத்தில் சுவரே அதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் விஜயலெட்சுமி, "அந்தக் கதவச் சாத்துறதப் பாரு, கண்ணு மட்டுமில்ல, கையும் நல்லதில்ல" என்றாள்.